தொல்சமய நூல்களைக் கொண்டு ஆட்ட உலகம் அமைத்தவர்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு தருணத்தைப் பகிருங்கள்

முதல் பதிவு

இனன்னா என்னும் பெண்தெய்வம் கீழுலகுக்கு இறங்கி அங்கே உயிரிழக்கும் சுமேரியப் பாடலை இங்குள்ள பலரும் அறிவீர்கள் என்பதால் கதையை விரிக்கவில்லை. அதன் ஏழு வாயில்களைக் கொண்டுதான் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதையாட்டத்துக்கான என் உலகின் பாதாள நகரத்தை அமைத்தேன். ஒவ்வொரு வாயிலிலும் ஒவ்வொருவரும் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததை, பாத்திரத்தின் உடைமைகளும் திறன்களும் எழுதிய பாத்திரத்தாளில் பேனாவால் அடித்துவிட வேண்டும், பென்சிலுக்கு அனுமதியில்லை. ஆறாவது வாயிலைக் கடந்தபோது நால்வரின் தாள்களிலும் எழுத்தைவிட அடித்த கோடுகளே அதிகமாக இருந்தன.

ஏழாவது வாயிலுக்கு அப்பால் கீழுலக அரசி எரெஷ்கிகால் வலியில் முனகிக்கொண்டு கிடந்தாள். நான் அவளை வெல்லப்பட வேண்டிய எதிரியாகவே எழுதி வைத்திருந்தேன். ஆயுதமும் மந்திரமும் இழந்த மூவர் அடுத்து என்ன செய்வதென்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, அதுவரை அதிகம் பேசாமல் மருத்துவர் பாத்திரத்தை ஆடிவந்த தோழி, நான் அரசியின் குரலில் "ஐயோ, என் வயிறு" என்று முனகியதும், தணிந்த குரலில் "ஐயோ, உங்கள் வயிறு" என்று உடன் முனகினார். மேசையில் பேச்சு நின்றுபோனது. நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். அதில் அப்படியொரு வழி இல்லாததால், இணங்கவைக்கும் திறனுக்குப் பகடை உருட்டச் சொன்னேன். இருபது முகப் பகடையில் மூன்று விழுந்தது. அரசி மனமிரங்கவில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன்.

அன்றிரவு பாடலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என்கி என்னும் கடவுள் தன் நகத்தடி அழுக்கிலிருந்து படைத்து அனுப்பும் இரண்டு உயிர்கள் செய்வது அதே செயல்தான். அரசி முனக, அவையும் உடன் முனகுகின்றன. தன் நோவுக்கு நோகும் குரலைக் கேட்டு அவள் ஆற்றையும் விளைந்த வயலையும் தர முன்வருகிறாள். அவை அவற்றை மறுத்து, கொக்கியில் தொங்கும் இனன்னாவின் உடலை மட்டும் கேட்டுப் பெறுகின்றன. என் தோழி அந்தப் பாடலைப் படித்ததே இல்லை. படித்திருந்த நான் வாயில்களை எடுத்துக்கொண்டு, பாடலின் உயிர்நிலையை விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழிந்தும் அந்த மூன்று என் கண்முன்னேயே நிற்கிறது.

மறுமொழி 1

எனக்கு நேர்ந்தது வேறு வகை. எகிப்திய இறந்தோர் நூலின் 125ஆம் மந்திரத்தில் 42 நீதிபதிகள் முன் இறந்தவர் சொல்லும் மறுப்புகளை 42 அட்டைகளாக எழுதினேன். எடுத்த அட்டையை உரக்கப் படிக்க வேண்டும். பாத்திரம் அந்தக் குற்றத்தைச் செய்திருந்தால் தராசில் இதயம் தாழும். ஒருவருக்கு "நான் எவரையும் அழவைத்ததில்லை" என்ற அட்டை வந்தது. அவர் நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். கட்டைவிரலுக்கு அடியில் அட்டையின் மூலை மடங்கிப்போயிற்று. "இதைப் பாத்திரமாகச் சொல்ல வேண்டுமா, நானாகச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். எவரும் பதில் சொல்லாததால் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து சென்றார்.

முதலைத் தலையும் சிங்க உடலும் நீர்யானைப் பின்பகுதியும் கொண்டு, குற்றமுள்ள இதயத்தை விழுங்கும் அம்மித்துக்கு நான் இரண்டு வாரம் செலவிட்டிருந்தேன். அந்த வாக்கியங்கள் ஓர் உண்மையான மனிதரின் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதை ஒரு மாலைகூட எண்ணிப் பார்க்கவில்லை. இறந்தவர் தம் வாயால் சொல்வதற்காகவே கல்லறையில் அவரோடு வைக்கப்பட்ட சொற்கள் அவை.

மறுமொழி 2

முதலில் எழுதிய நண்பர் தேவையின்றி நொந்துகொள்கிறார் என்பேன். பகடை விழுந்த பிறகு அதை மதிப்பது ஆட்டம் நடத்துபவரின் கடமை. கீழுலகின் நியதிகளைக் கேள்வி கேட்காதே என்றுதான் ஒவ்வொரு வாயிலிலும் இனன்னாவுக்கே சொல்லப்படுகிறது. அரசி ஒருமுறை இரங்காமல் போனது அந்த உலகத்துக்குப் பொருந்தாததன்று.

என் அனுபவம் சிறியது. கடோபநிடதத்தில் எமன் வாசலில் மூன்று இரவு பட்டினியாகக் காத்திருந்து மூன்று வரம் பெறும் நசிகேதனை ஒட்டி ஒரு கட்டம் அமைத்தேன். மூன்றாம் வரத்தைக் கேட்க விடாமல் யானைகளும் பொன்னும் நீண்ட ஆயுளும் தருவதாக எமன் ஆசை காட்டியபோது, ஆடியவர் சிறிதும் தயங்காமல் யானைகளைப் பெற்றுக்கொண்டார். மறுப்பதற்கான காட்சியை மட்டுமே எழுதி வைத்திருந்த நான் திகைத்து நின்றேன்.

புதிதாக இவ்வேலையில் இறங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடவுளின் பெயரை மட்டும் கொண்டுவந்து அதன்மேல் உங்கள் கற்பனையைப் போர்த்தாதீர்கள். எனூமா எலிஷ் என்னும் பாபிலோனியப் படைப்புப் பாடலில் தியாமத் உப்புநீர்க் கடலாகிய தாய். அவள் உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மர்துக் என்னும் கடவுள் வானமாக்குகிறான். 1977ஆம் ஆண்டின் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதையாட்டத்தின் தொகுப்பில் அவள் ஐந்து தலை டிராகனாகிவிட்டாள். இன்று அப்பெயரைச் சொன்னால் ஆடுபவர்களுக்கு ஐந்து தலைகளே நினைவுக்கு வருகின்றன. தன் தாயின் உடலாலான வானத்தின் கீழ் வாழ்கிறோம் என்று நம்பும் மக்கள் எப்படிச் சத்தியம் செய்வார்கள், எதைத் தீட்டென்று ஒதுக்குவார்கள், மழை பொய்த்தால் யாரிடம் முறையிடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; ஓர் உலகம் தானே எழும். அடுத்ததாக, இன்றும் வழிபடப்படும் தெய்வங்களை அடித்து வீழ்த்தும் எதிரிகளாக்காதீர்கள். எத்தனை அடி தாங்குவார்கள் என்று அளவிடும் உயிர்ப்புள்ளிகளை அவர்களுக்கு எழுதுவதையே தவிர்த்துவிடுங்கள். மேசையில் அமர்ந்திருப்பவர் அந்தத் தெய்வத்தை இன்று காலையில் கும்பிட்டுவிட்டு வந்திருக்கக்கூடும். அட்டை எழுதிய நண்பரும் ஆட்டத்துக்கு முன்பே எவற்றைத் தொடலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்க வேண்டும்.

மறுமொழி 3

கேட்டிருந்தாலும் அந்த அட்டை அவரை எந்த இடத்தில் தொடும் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. பகடையைப் பற்றிச் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. உருட்டச் சொன்னதே தவறு; மூன்று விழுந்தது அடுத்த கதை.

பரிபாடலின் இரண்டாம் பாடலை எடுத்துக்கொண்டு நான் ஓர் உலகம் செய்தேன். ஒன்றுமில்லாத வெளியில் முதலில் ஒலி, பிறகு காற்று, தீ, நீர், நிலம் என்று அதில் படைப்பு விரிகிறது. யுகங்களின் அளவோ நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களால் சொல்லப்படுகிறது. பூவின் பெயரே எண்ணாகவும் நிற்பது என்னை மயக்கிவிட்டது. நிலத்தடிக் கோயிலின் கதவொன்றில் "ஆம்பல்" என்று மட்டும் பொறித்து வைத்தேன். அத்தனை ஆண்டுகளாக மூடிக்கிடக்கிறது என்பது பொருள். அதைக் கண்டுபிடித்தால்தான் திறக்கும்.

ஒரு மணி நேரம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பிறகு ஒருவர், தம் பாத்திரம் மேலேறிக் குளத்துக்குப் போய் ஓர் ஆம்பலைப் பறித்து வந்து கதவடியில் வைப்பதாகச் சொன்னார். "இத்தனை காலம் யாரும் வந்திருக்க மாட்டார்கள்" என்று காரணமும் சொன்னார். அது தவறான விடை. நான் கதவைத் திறந்துவிட்டேன். இப்போது எங்கள் உலகில் மூடிய இடம் எதுவானாலும் முதலில் பூ வைக்கிறார்கள். நான் எழுதாத அந்தச் சடங்கு மூன்றாண்டாக நடக்கிறது. ஆனால் எண் என்று கண்டுபிடிப்பதற்காக அந்த ஒரு மணி நேரமும் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்னொருவரின் முகம் அப்போது வாடியதை நான் பார்த்தேன். அதுவே இன்றும் உறுத்துகிறது.

முதலில் எழுதியவர்

மறுமொழிகளைப் படித்துவிட்டு நேற்றிரவு அந்தத் தோழியிடம் பேசினேன். பாடலில் உள்ளதைச் சொல்லி, அந்தப் பகடைக்காக வருந்துவதாகவும் சொன்னேன். என்ன விழுந்தது என்பதே அவருக்கு நினைவில்லை. "நான் முனகியதும் நீங்கள் குனிந்து நோட்டைப் பார்த்தீர்கள். அது நினைவிருக்கிறது" என்றார்.