அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது? (கோத்தகிரி, குன்னூர் பக்கம்)

அருவங்காட்டுப் பெண்:

அம்மாவுக்கு 79 வயது. போன ஆவணியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கோயம்புத்தூரில் ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் பிடித்து நாலடி நடப்பார். ராத்திரியில் துணை இல்லாமல் எழுந்திருக்க முடியாது. அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா மலையிலேயே இருந்து பழகியவர். சென்னையில் என் வீட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. "என்னை மேலேயே கொண்டுபோய் விட்டுடு" என்று தினமும் கேட்டார்.

இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று புதுக் கட்டடம். டைல்ஸ் தரை, வாசல் முழுக்கப் பூச்செடி, மேனேஜர் காபி கொடுத்து எல்லா அறையையும் சுற்றிக் காட்டினார். இன்னொன்று பழைய ஓட்டுக் கட்டடம். சுவரில் ஈரம் ஊறியிருக்கிறது, ஆனால் ஆயாக்கள் அங்கிருக்கும் பெரியவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான் கேட்கிறார்கள். நான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் மேலே வர முடியும். ஒரு இல்லத்தில் கவனிப்பு எப்படி என்று வெளியிலிருந்து வருகிறவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி அக்கா:

நான் இந்த மலையில் ஒரு இல்லத்தில் 11 வருஷம் ஆயா வேலை பார்த்தேன். பாதிக்கு மேல் நைட் டியூட்டி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காலை 11 மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லோரையும் குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் போட்டு உட்கார வைத்திருப்போம். ராத்திரி ஏழரைக்குச் சொல்லாமல் போங்கள். பகல் ஆள் கிளம்பி ராத்திரி ஆள் வந்திருக்கும். எத்தனை பெரியவர்களுக்கு எத்தனை ஆள் என்று அப்போது எண்ணுங்கள். பகலில் ஆறு பேர் ஓடியாடுகிற இடத்தில் ராத்திரி ஒரே ஒருத்தி இருப்பாள். உங்கள் அம்மா பாத்ரூம் போக எழுந்திருக்கும் நேரம் அதுதான்.

அப்புறம் துணி காயப்போடும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இதை யாருமே கேட்பதில்லை. ஐப்பசி மழையில் இங்கே நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் தலை காட்டாது. படுக்கையிலேயே மூத்திரம் போய்விடுகிறவருக்கு ஒரு ராத்திரிக்கே இரண்டு மூன்று பெட்ஷீட் வேண்டும். மாற்றுத் துணி தீர்ந்தால் ஈரத்தின் மேலேயே ஒரு டவலை விரித்துப் படுக்க வைக்க வேண்டியதுதான். ஒரு மழைக்காலத்தில் நானே அப்படிச் செய்திருக்கிறேன். அந்தப் பாட்டியின் முதுகு பிறகு எப்படி ஆனது என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாய்லர் பக்கத்திலோ அடுப்படியிலோ கொடி கட்டியிருக்கிறார்களா, துணி காயவைக்கிற மிஷின் இருக்கிறதா, ஒரு கட்டிலுக்கு எத்தனை செட் துணி என்று தயங்காமல் கேளுங்கள்.

தண்ணீர் அடுத்தது. குளிரில் வயசானவர்களுக்குத் தாகமே தெரியாது. ராத்திரி நனைத்துவிடுவார்கள் என்று பயந்து சில இடங்களில் நாலு மணிக்கு மேல் தண்ணீரே கொடுக்க மாட்டார்கள். அதில் மூத்திரத்தில் கிருமி சேர்ந்து, திடீரென்று ஆள் மாறிப் பிதற்ற ஆரம்பிப்பார். எல்லோரும் வயசாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுவார்கள். டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நன்றாகப் பேசுகிறவர்கள் உங்களை வந்து சூழ்ந்துகொள்வார்கள். அவர்களோடு பேசுங்கள், ஆனால் மூலைக் கட்டிலில் பேச முடியாமல் கிடப்பவரிடமும் போய் நில்லுங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, மூக்குக்கண்ணாடி துடைத்திருக்கிறதா, பல்செட் வாயில் இருக்கிறதா, டப்பாவில் கிடக்கிறதா? அவருக்கு நடப்பதுதான் நாளைக்கு உங்கள் அம்மாவுக்கும் நடக்கும்.

படுத்தே இருப்பவர்களைப் படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு தாள் தொங்கும். நீங்கள் நிற்பது ஏழரை மணி, தாளில் பத்து மணி வரைக்கும் கையெழுத்து விழுந்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

குளிருக்கு என்ன செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சர்க்கரை வியாதியில் கால் மரத்தவர்களுக்கு வெந்நீர்ப் பை சுட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது.

கட்டபெட்டுக்காரன்:

அக்கா சொன்ன எல்லாவற்றோடும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்.

என் அப்பா எட்டு மாதம் ஒரு இல்லத்தில் இருந்தார். நான் வாரா வாரம் போவேன். சுத்தமாக, கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்திருப்பார். மலையில் அது சாதாரணம் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் நானே கால் தேய்த்துவிடலாம் என்று கழற்றினேன். இடது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுத்துப் புண். எத்தனை நாளாக என்று கேட்டால் அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆறுவதற்கு நாலு மாதம் ஆனது. வாரா வாரம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு வந்திருக்கிறேன், காலைப் பார்க்கவில்லை. அது என்னை இன்னும் வருத்துகிறது.

குதிகால், முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரண்டு பக்கம், இவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்துவிட்டுப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் ஆட்களின் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

வெலிங்டன் கம்பவுண்டர்:

சுருக்கமாகச் சொல்கிறேன் அம்மா. சேர்க்கும் நாளிலேயே எடை பார்த்து எழுதி வாங்குங்கள், பிறகு மாதா மாதம் கேளுங்கள். 50 கிலோ இருப்பவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பகலிலும் தூங்கி வழிந்தால் மாத்திரைச் சீட்டை வாங்கி, தூக்க மாத்திரை ஏதாவது புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ராத்திரி நெஞ்சுவலி வந்தால் யார் 108-ஐக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரிக்கு, கூட யார் போவது என்று கேளுங்கள். மண்சரிவில் குன்னூர் பாதை அடைத்தால் மேட்டுப்பாளையத்துக்குக் கோத்தகிரி வழியாகத்தான் இறங்க வேண்டும். இதை யோசித்து வைத்திருப்பவர் உடனே பதில் சொல்வார்.

பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது பிரச்சினை என்றால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, இல்லையென்றால் மாவட்ட சமூக நல அலுவலகம்.

அருவங்காட்டுப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இரண்டு இடத்துக்கும் போனேன்.

புதுக் கட்டடத்தில் கேட்டிலேயே இருபது நிமிஷம் நிற்க வைத்தார்கள். உள்ளே 19 பேருக்கு ஒரே ஆயா. பாவம், அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏழே முக்காலுக்கே எல்லா அறையிலும் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஒரு கட்டில் பக்கத்திலும் டம்ளர் இல்லை.

பழைய கட்டடத்தில் 14 பேருக்கு இரண்டு பேர். பாய்லர் அறைக்குள் ஏழெட்டுக் கொடி கட்டித் துணி காய்கிறது. ஒரு பாட்டிக்கு ஆயா குழைந்த ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் நின்ற நேரம் முழுக்க அவசரப்படுத்தவே இல்லை. சாக்ஸ் பற்றிக் கேட்டதும் அவரே மூலைக் கட்டில் தாத்தாவிடம் சொல்லிவிட்டுக் கழற்றிக் காட்டினார். குதிகால் சுத்தமாக, எண்ணெய் தடவி இருந்தது. ஆனால் அந்த அறைக்கு வெளியே ஒரு கரி அடுப்பைப் பார்த்தேன். ராத்திரி உள்ளே வைப்பீர்களா என்றேன். ரொம்பக் குளிரும்போது கொஞ்ச நேரம் என்றார்கள். அதை நிறுத்தி ஹீட்டர் போட்டால்தான் அம்மாவைக் கொண்டுவருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வாங்குகிறோம் என்கிறார்கள்.

அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹீட்டரைப் பார்க்க மறுபடி போகிறேன். முடிந்தால் நீங்களும் என்னோடு ஒரு தடவை வந்து பார்ப்பீர்களா?

கோத்தகிரி அக்கா:

கண்டிப்பாக வருகிறேன் அம்மா. ராத்திரிக்கே போவோம். அம்மாவின் ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாவற்றிலும் பெயரை நூலால் தைத்து வையுங்கள். மார்க்கரில் எழுதினால் நாலு துவைப்பில் போய்விடும், அப்புறம் யார் சாக்ஸ் யார் காலில் என்றே தெரியாது.