புதுப்பிப்பு: 1797 பென்னியில் குத்தியிருந்த 'ஜே.ஹெச்.'

இங்கிலாந்தின் 1797 'கார்ட்வீல்' (வண்டிச் சக்கரம் என்பது பட்டப்பெயர்) செப்புப் பென்னி நாணயத்தில், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கன்னத்தில் குத்தியிருந்த 'ஜே.ஹெச்.' யாருடையது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான். இரண்டு எழுத்தும் ஒரே அச்சில் விழுந்தவை. சுற்றிலும் ரம்பப்பல் மாதிரி ஒரு கரை தெரிந்தது. அங்கே தச்சர்கள் இழைப்புளியில் தங்கள் பெயரைக் குத்திய முத்திரைகளில் இந்தக் கரையைப் பார்க்கலாம். ஆக, அநேகமாக ஒரு தச்சரின் முத்திரை. இரண்டு எழுத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது.

எதிர்பாராதது: பின்பக்கம் பிரிட்டானியாவும் (பிரிட்டனின் அடையாளமான பெண் உருவம்) அதே இடத்தில் நசுங்கியிருக்கிறாள். அச்சான பிறகு கெட்டியான பரப்பில் வைத்து அடித்ததற்கு அதுவே அத்தாட்சி.

அப்புறம், விளிம்பில் பள்ளமாக இருக்கும் எழுத்துகள் அசல்தான். இந்த நாணயத்தை அடித்த மேத்யூ போல்டனின் சோஹோ நாணய ஆலையில் அப்படித்தான் அச்சடித்தார்கள்.