பேட்மோர் பாடிய ஹேண்டல் ஆரியாக்கள்: உங்களுக்கு எந்த இடம்?

கடிகாரமுள்:
2007-இல் ஆங்கில டெனர் (உயர்ந்த ஆண்குரல்) மார்க் பேட்மோர், இங்கிலிஷ் கான்சர்ட் இசைக்குழுவோடு, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலின் ஆரியாக்களை, அதாவது தனிப்பாட்டுகளை, பாடிய தட்டுதான். அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து கூட்டி வருகிறேன். காரில் சாம்சன் என்ற இசைப்படைப்பின் ஆரியா வந்துவிட்டது, டோட்டல் எக்லிப்ஸ் (முழு கிரகணம்). கேட்டவர்களுக்குத் தெரியும், வயலின்கள் கொஞ்சம் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், குரல் தனியாக நிற்கும். சூரியன் இல்லை, நிலா இல்லை என்று. அப்பாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், "பாடுறவருக்குக் கண்ணு தெரியாதாடா?" என்றார். சட்டென்று நிறுத்திவிட்டேன். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. சாம்சன் கண்கள் பிடுங்கப்பட்டவன் என்ற கதையைச் சொல்லியிருக்கலாம்.

பாதிவழி:
எனக்கு பஜாசெத். தமெர்லானோ ஓபராவில் சிறைப்பட்ட சுல்தான் அவன், விஷம் குடித்துவிட்டு மகளிடம் விடைபெறும் கட்டம். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். நாலு சொல், நிறுத்தம். இரண்டு சொல், நிறுத்தம். புளூடூத் அறுகிறது என்று சோப்புக் கையோடு ஸ்பீக்கரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். மூன்றாம் தடவைதான் உறைத்தது, ஆள் செத்துக்கொண்டிருக்கிறான். முதல் பகுதிக்குத் திரும்பி வந்து சங்கதி போட்டுப் பாடும் வழக்கமெல்லாம் அங்கே எடுபடாது. 1724-இல் லண்டனில் போரொசீனி என்ற டெனர் இதைப் பாடியபோது யாராவது எழுந்து நின்றிருப்பார்களா?

சுருதிப்பெட்டி:
முதலில் ஒன்று. ஹேண்டல் தன் கண் போன துக்கத்தில் சாம்சனை எழுதினார் என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். அது அரங்கேறியது 1743. இடது கண்ணால் முடியவில்லை என்று கையெழுத்துப் பிரதியிலேயே குறித்துவிட்டு அவர் நிறுத்தியது 1751 பிப்ரவரி 13, ஜெஃப்தா என்ற படைப்பை எழுதும்போது. யாரும் சொல்லாததற்கே சண்டைக்கு வருகிறேன், தெரியும்.

என்னுடையது சின்னது. 2009-இல் வந்த, டெனர் வில்லஸோனின் ஹேண்டல் தட்டை வாங்கி, ஓம்ப்ரா மாய் ஃபூ என்ற ஆரியாவைக் கேட்டு முகம் சுளித்தேன். காஸ்ட்ராட்டோவான, அதாவது சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டதால் உச்சக்குரல் உடையாத பாடகரான, காஃபரெல்லிக்கு எழுதியது. டெனர் பாடினால் ஒரு ஸ்தாயி கீழே போய்விடுகிறது. மனைவி, "இதுதான் கேக்க நல்லாயிருக்கு" என்றாள். இன்றைக்கும் அவள் வண்டியில் அந்தத் தட்டுதான் ஓடுகிறது. நான் பஸ்ஸில் போகிறேன்.

அரைக்கட்டை:
என் கதை இரண்டு வரி. சர்ச் குழுவில் ஹேண்டலின் மெசையா, அதில் எவ்ரி வேலி என்ற ஆரியா எனக்கு. மெசையா தட்டு ஒன்றோடு சேர்ந்து பாடியே பழகினேன். ஒத்திகையில் பியானோ எடுத்ததும் எல்லாம் அரைக்கட்டை ஏறியிருந்தது. 'எக்ஸால்ட்டட்' என்ற சொல்லின் நீண்ட பிருகாவின் நடுவில் மூச்சு போய், அடுத்த வரியில்தான் கரையேறினேன். வாசித்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகவே பாட நினைப்பவர்கள் கவனியுங்கள். பழங்காலக் கருவிகளோடு பதியும் தட்டுகளில் பெரும்பாலும் ஏ சுரம் 415 ஹெர்ட்ஸ், பியானோவில் 440. அதுதான் அந்த அரைக்கட்டை. கீபோர்டில் டிரான்ஸ்போஸை ஒன்று குறைத்துத் தட்டோடு பழகுங்கள். மேடைக்கு ஒரு மாதம் முன்பே பழையபடி ஏற்றிவிடுங்கள். நீண்ட பிருகாவை முதலில் சொல்லே இல்லாமல், பாதி வேகத்தில் அகாரமாகப் பாடுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள், பேனா வேண்டாம், மாறும். ஹெட்போன் மாட்டினால் ஒரு காதில் மட்டும், சொந்தக் குரல் கேட்க வேண்டும். பால் குடித்துவிட்டுப் பாடாதீர்கள். கடிகாரமுள், உங்கள் அப்பாவையும் காரில் ஏசிக்கு நேரே உட்கார வைக்காதீர்கள்.

கடிகாரமுள்:
பாடுகிற உத்தேசம் எனக்கு இல்லை சார். அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. நேற்று அவரே, "அந்தக் கண்ணு தெரியாதவர் பாட்டைப் போடேன்" என்றார். தேடுவதுபோலத் தேடிவிட்டு வேறு ஒன்றைப் போட்டேன்.