குடும்ப குரூப்பில் ஒரு கோலிக் கணக்கு

கவிதா: விஜி சித்தி, ஃப்ரீயா? தருணோட நாலாங்கிளாஸ் ஹோம்வொர்க். "கண்ணனிடம் 24 கோலிகள் உள்ளன. இது முருகனிடம் உள்ளதைவிட 6 அதிகம். முருகனிடம் உள்ள கோலிகள் எத்தனை?" 30ன்னு போட்டுட்டு அழிக்க மாட்டேங்கிறான். "அதிகம்"னு வந்தா கூட்டணுமாம்.

பாலு மாமா: 30 தானே?

கவிதா: மாமா 🙈

விஜி சித்தி: அண்ணா, கண்ணன்கிட்டதான் அதிகம். முருகன்கிட்ட 18.

விஜி சித்தி: அவனைத் திட்டாத கவிதா. "மொத்தம், அதிகம்னா கூட்டு. மீதி, குறைவுன்னா கழி"ன்னு ஒரு குறுக்குவழி நிறைய கிளாஸ்ல ஓடுது. பல கணக்குக்கு விடையும் வந்துடும், அதான் யாரும் விட மாட்டேங்கிறாங்க. இப்படித் திருப்பிக் கேட்டா மாட்டிக்கும்.

சரவணன்: இது உலகம் பூரா இருக்கு சித்தி. பிரான்ஸ்ல, கிரெனோபிள்ல, 1980 வாக்குல சின்னப் பிள்ளைங்ககிட்ட கேட்டாங்க. "கப்பல்ல 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கேப்டன் வயசு என்ன?" 97 பேர்ல 76 பேர் அந்த நம்பரை வச்சே ஒரு வயசு சொல்லிட்டாங்க.

பாலு மாமா: அடப்பாவிகளா 😂

கவிதா: இப்ப தருண்கிட்ட கேட்டேன். 36ஆம்.

விஜி சித்தி: 😄 என் கிளாஸ்ல டூர் கணக்கு. 50 பேர், ஒரு வேன்ல 12 பேர், எத்தனை வேன் வேணும்? வரிசையா "4, மீதி 2". அந்த ரெண்டு பேரை ஸ்கூல்லயே விட்டுட்டுப் போயிடலாமான்னேன். "மிஸ் அஞ்சு வேன், அஞ்சு வேன்"னு ஒரே கத்தல்.

சரவணன்: தமிழ்நாடு அரசோட "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தும் மாறலையா?

விஜி சித்தி: 2022ல 1 முதல் 3ஆம் கிளாஸ் வரைக்கும் வந்துச்சு, அடுத்த வருஷம் 4, 5க்கும். கல்லு, காசு, குச்சி வச்சு செய்யுறப்ப நல்லா செய்யுதுங்க. நாலு வரிக் கதையா வந்தா வாசிக்கிறதே பாரம். நம்பரை மட்டும் பொறுக்கிக்கிட்டு, "மிஸ், கூட்டலா கழித்தலா?"

பாலு மாமா: நம்ம கடைக்கு வர்ற பொடியன் ஸ்கூல்ல கணக்குல சைபராம். மீதிச் சில்லறையை மட்டும் டாண்ணு சொல்லுவான்.

சரவணன்: மாமா, கொல்கத்தா, டெல்லி சந்தைல வேலை பாக்குற பிள்ளைங்ககிட்ட பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழு இதையேதான் பார்த்தாங்க. 2025ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு. வியாபாரக் கணக்கை மனசுலயே போடுறவங்க பாடப்புத்தகக் கணக்குல தடுமாறுறாங்க. ஸ்கூல் மட்டும் போற பிள்ளைங்க சந்தைக் கணக்குல தடுமாறுறாங்க.

கவிதா: சரி, இப்ப இவனை என்ன செய்ய?

விஜி சித்தி: நம்பரை விரலால மறைச்சுட்டு கதையை மட்டும் வாசிக்கச் சொல்லு. "யாருகிட்ட நிறைய இருக்கு?"ன்னு கேளு. ரெண்டு கோடு போடட்டும், நீளமானது யாரோடதுன்னு அவனே பேர் எழுதட்டும். கூட்டல், கழித்தல்னு நீ வாயே திறக்காத.

கவிதா: கண்ணன் கோடு நீளம்னான்... 18 போட்டுட்டான்!

கவிதா: அடுத்த கணக்குக்கு மறுபடியும் "அம்மா, கூட்டலா கழித்தலா?" 😩

விஜி சித்தி: ஒரே நாள்ல போகாது. சனிக்கிழமை இங்க அனுப்பு. அண்ணன் கடையோட பழைய பில் நாலஞ்சு கொடுத்துவிடு.

பாலு மாமா: பில்லுல கூட்டல் தப்பு இருந்தா குரூப்ல போட்டுடாதீங்கம்மா 🙏