கீமோ முடிந்த பிறகு எடையைக் குறைத்தே ஆக வேண்டுமா?

நெல்லைப்பெண்:
வணக்கம் தோழிகளே. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, ரேடியேஷன் மூன்றும் முடிந்து இப்போது லெட்ரோசோல் மாத்திரை எடுத்து வருகிறேன். வயது 52. கீமோவுக்கு முன் 64 கிலோ, இப்போது 73. உயரம் ஐந்தடி ஓரங்குலம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். வீட்டில் அத்தையோ, "நோயில் கிடந்த உடம்பு, தேற வேண்டாமா?" என்று காலையில் நெய் விட்ட சத்துமாவுக் கஞ்சி, பதினொரு மணிக்குப் பேரீச்சையும் மாதுளை ஜூஸும், சாயங்காலம் ஆட்டுக்கால் சூப் என்று அன்போடு கொடுத்துக்கொண்டே இருக்கிறார். முழங்கால் வலி வேறு. குறைத்தே ஆக வேண்டுமா? குறைத்தால் நோய் திரும்பாது என்பது உண்மையா?

பிசியோ_மதுரை:
குறைப்பது நல்லது அக்கா. புற்றுநோய்ப் பிரிவில் பிசியோவாக வேலை பார்க்கிறேன், உங்களைப் போல நிறையப் பேரைப் பார்க்கிறேன். இந்த ஒன்பது கிலோவுக்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. கீமோவோடு தரும் ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும். அசதியில் படுத்தே இருப்பதால் தசை கரையும். பலருக்கு மாதவிடாயும் முன்கூட்டியே நின்றுவிடும். உங்களுக்கு வந்த வகைப் புற்றுநோயை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதன் பிறகு பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அதை உருவாக்கும் அரோமட்டேஸ் என்ற நொதியைத்தான் உங்கள் லெட்ரோசோல் அடக்குகிறது. கொழுப்பு கூடக்கூட இன்சுலினும் உடலுக்குள் அழற்சியும் கூடும்.

நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 25-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்பது கணக்கு. உங்களுக்கு 30. மலைக்க வேண்டாம். அமெரிக்காவில் கிட்டத்தட்ட 700 பெண்களைச் சேர்த்து நடந்த எனர்ஜி ஆய்வில், உணவு, உடற்பயிற்சி இரண்டிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 6 சதவீதம் எடை குறைந்தார்கள். உங்களுக்கு அது நாலரை கிலோ. முதல் இலக்காக அது போதும்.

காவிரிக்கரை:
தம்பி, எல்லாம் சொன்னீர்கள். "நோய் திரும்பாதா?" என்று தங்கை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: அது நிரூபணமாகவில்லை. 2007-ல் வெளியான வெல் ஆய்வில் 3,000-க்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு பாதிப் பேர் காய்கறி, பழம், நார்ச்சத்தைக் கூட்டிக் கொழுப்பைக் குறைத்தார்கள். ஏழு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தும் நோய் திரும்புவதில் வித்தியாசமே இல்லை. இத்தாலியில் மத்தியதரைக்கடல் பாணி உணவை வைத்து நடந்த டயானா-5 ஆய்விலும் அதே கதைதான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆதரவுக் குழுவில் ஒருவருக்கு நோய் எலும்புக்குப் பரவித் திரும்பியது. அவர் முதலில் கேட்டது, "நான் சோற்றைக் குறைக்காததாலா அக்கா?" என்றுதான். அந்தக் குற்ற உணர்ச்சியை யார் கொடுத்தது? இன்னொரு பெண் பப்பாளியும் ஜூஸுமாக இருந்து கடகடவென்று இளைத்தார். பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் எடை இறங்கியதைச் சந்தேகப்பட்டு ஸ்கேன் எழுதினார். காரணமில்லாமல் எடை இறங்குவது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாமே! ரிப்போர்ட் வரும்வரை அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் நான்.

பிசியோ_மதுரை:
பப்பாளி டயட்டை நானும் எதிர்க்கிறேன். ஆனால் வெல் ஆய்வை இதற்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். அந்தப் பெண்கள் காய்கறி கூடச் சாப்பிட்டார்களே தவிர எடை குறையவில்லை. எடை குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை கிடையாது. 2006-ல் வந்த வின்ஸ் ஆய்வைப் பாருங்கள். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்ட பெண்களுக்கு எடையும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது, நோய் திரும்புவதும் ஒப்பீட்டளவில் கால்பங்கு அளவுக்குக் குறைந்தது.

காவிரிக்கரை:
வின்ஸைப் பாதிதான் சொல்கிறீர்கள். அதில் பலன் தெளிவாகத் தெரிந்தது ஹார்மோன் ஏற்பி இல்லாத, அதாவது ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளராத புற்றுநோய் வந்தவர்களுக்கு. லெட்ரோசோல் எடுக்கிறார் என்றால் இவருக்கு வந்தது ஹார்மோன் வகை. அப்புறம், பலன் எடை குறைந்ததால் வந்ததா, கொழுப்பைக் குறைத்ததால் வந்ததா என்று அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கேள்வி அப்போதே தீர்ந்திருந்தால், எடையைக் குறைத்தால் நோய் திரும்புவது குறையுமா என்று பார்ப்பதற்காகவே 3,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து பி-வெல் ஆய்வை 2016-ல் தொடங்கியிருக்க வேண்டியதில்லையே.

ஈரோடு_அக்கா:
எனக்கு வந்தது கர்ப்பப்பைப் புற்றுநோய், உட்சுவரில். ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். உடல்பருமனோடு மிக நெருங்கிய தொடர்புள்ள புற்றுநோய்களில் இது ஒன்று. இதிலிருந்து மீண்ட பெண்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய். இரண்டு பேரும் நோய் திரும்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு சுகர், பிரஷர் இரண்டும் இருந்தன. எடை குறைந்த பிறகு சுகர் மாத்திரை பாதியாகிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. புற்றுநோயிலிருந்து தப்பித்து மாரடைப்பில் போக வேண்டுமா தங்கை?

காவிரிக்கரை:
அக்கா, உங்கள் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. சுகரும் பிரஷரும் இருந்தால் குறைக்கத்தான் வேண்டும். எல்லாப் பெண்களிடமும் ஒரே வார்த்தையாக "குறை" என்று சொல்லி அனுப்பிவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நெல்லைப்பெண்:
சுகர் எல்லையில் இருக்கிறது அக்கா. உடற்பயிற்சி என்றால்தான் பயம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள், இடது கை அவ்வப்போது கனக்கும். அந்தக் கையால் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

பிசியோ_மதுரை:
காலங்காலமாகச் சொல்லி வந்தது அது. கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, ஏற்கெனவே கைவீக்கம் (நெறிக்கட்டி எடுத்த பிறகு நிணநீர் தேங்கி வருவது) இருந்த 141 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வந்தது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள் எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் பயிற்சி செய்தவர்களிடம்தான் குறைவாக இருந்தது. ஆனால் எடுத்த எடுப்பில் குடம் தூக்கச் சொல்லவில்லை. மிகக் குறைந்த எடையில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, அளவெடுத்துத் தைத்த கம்ப்ரெஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட்டுக்கொண்டு தொடங்கினார்கள். தொந்தரவு இல்லையென்றால்தான் எடையைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

உங்கள் கை ஏன் கனக்கிறது என்று முதலில் ஒரு பிசியோவிடம் காட்டி, இரண்டு கைகளையும் அளந்து பாருங்கள். பிறகு வீட்டிலேயே தொடங்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருப்பது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மடக்கி நீட்டுவது. வாரம் இரண்டு நாள் இதைச் செய்யுங்கள், மூன்று நாளாவது அரைமணி நேரம் விறுவிறு நடை. கீமோவில் டாக்ஸோரூபிசினோ, அப்புறம் டிராஸ்டுசுமாபோ கொடுத்திருந்தால், இந்த மருந்துகள் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால், இதயத்துக்கு எக்கோ பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும், அதற்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். மூட்டு வலியும் அந்த மாத்திரையால் இருக்கலாம். நடையும் தசைப்பயிற்சியும் அந்த வலியைக் குறைக்கும் என்றும் ஆய்வு இருக்கிறது.

காவிரிக்கரை:
இதைத்தான் எதிர்பார்த்தேன். தம்பி இப்போது சொன்னதெல்லாம் பயிற்சியின் பலன், எடை குறைவதன் பலன் அல்ல. அதே ஷ்மிட்ஸ் 2019-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கைவீக்கமும் கூடுதல் எடையும் உள்ள பெண்கள் நன்றாகவே எடை குறைத்தார்கள். வீக்கம் குறையவில்லை. 2025-ல் வந்த சேலஞ்ச் ஆய்வு பெருங்குடல் புற்றுநோய் பற்றியது. கீமோ முடித்த 889 பேரில் பாதிப் பேர் பெண்கள். மூன்று வருடம் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவதும் குறைந்தது, ஆயுளும் கூடியது. அவர்கள் எடையில் பெரிய மாற்றமே இல்லை! தங்கையிடம் நடக்கச் சொல்லுங்கள், கையை வலுவாக்கச் சொல்லுங்கள். 73 என்ற எண்ணை மட்டும் எதிரியாக்காதீர்கள்.

பிசியோ_மதுரை:
குடலில் கண்டதை அப்படியே மார்பகத்துக்குப் பொருத்த முடியாது. கைவீக்கம் புதிதாக வருவதற்கும் கூடுதல் எடை ஒரு காரணம். சுகர் எல்லையில் நிற்பவருக்கு நாலு கிலோ குறைந்தால் என்ன கெடுதல்? தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பைக் குறைக்க வேண்டும், அதற்குச் சாப்பாட்டிலும் கை வைத்தாக வேண்டும்.

ஈரோடு_அக்கா:
சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். அத்தையின் மனதை நோகடிக்க வேண்டாம். கஞ்சி இருக்கட்டும், அதில் நெய்யும் வெல்லமும் வேண்டாம். ஜூஸை விட்டுவிட்டு மாதுளையை உதிர்த்துச் சாப்பிடுங்கள். மதியம் தட்டில் பாதி பொரியலும் கூட்டும், ஒரு கரண்டி சோறு, முட்டையோ மீனோ சுண்டலோ கட்டாயம். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் கிலோவுக்கு ஒரு கிராம் புரதத்துக்குக் குறையக் கூடாது என்று என் டயட்டீஷியன் சொன்னார். முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான், அதனால் தினமும் கணக்குப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கும். அத்தையை ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போய் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். என் வீட்டில் அதுதான் எடுபட்டது.

நெல்லைப்பெண்:
அடுத்த செக்கப்புக்கு அத்தையும் வருகிறார். எக்கோ, கை அளவு இரண்டையும் அன்றே கேட்டுவிடுகிறேன். அதற்குள் நாற்காலிப் பயிற்சியையும் நடையையும் தொடங்கலாமா?

பிசியோ_மதுரை:
மெதுவான நடையைத் தொடங்குங்கள். நாற்காலிப் பயிற்சி எக்கோ பார்த்த பிறகு.

காவிரிக்கரை:
நீங்களாக முயன்றுதான் எடையைக் குறைக்கிறீர்கள் என்பதைத் தொடங்கிய தேதியோடு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள் தங்கை. சொல்லாமல் இளைத்து ஸ்கேன் வரை போக வேண்டாம். சாப்பாடு மாறாமலே எடை இறங்கினால் செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.