பாப்பாவோட டென்னிஸ் ஃபோர்ஹேண்டும் ஃபேமிலி குரூப்பும்

*சனி, மாலை 6:40*

நான்: 📹 வீடியோ (0:58)

நான்: சித்தப்பா இது இன்னிக்கு அடிச்சது. வலது பக்கம் வர்ற பந்த அடிக்குற ஃபோர்ஹேண்ட் மொத்தம் 22. 9 நெட்ல, 5 வலது பக்கம் லைனுக்கு வெளிய. எல்லாமே மூலைக்கு மூலை கிராஸா அடிக்கப் பாத்தது 😩

அம்மா: புது ராக்கெட் வேணுமாம். 300 கிராமாம். தம்பி நீங்க பாத்துட்டு சொல்லுங்க, அப்புறம்தான் காசு

அண்ணன்: அம்மா வாங்காதீங்க. இப்ப இருக்குற 285 கிராம் அவ கைக்கு சரியாதான் இருக்கு. கிரிப் சைஸும் நான் பாத்துட்டேன். அவ பிடிச்சா விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல இன்னொரு கையோட ஆள்காட்டி விரல் நுழையுது. அது போதும்

நான்: அப்ப ஸ்ட்ரிங் டைட் பண்ணலாமா

அண்ணன்: டைட் பண்ணா பந்து பறக்குறது குறையும். உனக்குப் பாதி பந்து நெட்டுல சாவுது, டைட் பண்ணி என்ன பண்ணப் போற

பெரியப்பா: கிரிப்புதான் பிரச்சன. ராக்கெட்ட கீழ வரைக்கும் சுத்திப் புடிக்குறா. எங்க காலத்துல ஒரே கிரிப், சுத்தியல் புடிக்குற மாதிரி. அதுலயே ஃபோர்ஹேண்டு, பேக்ஹேண்டு, சர்வு, வாலி எல்லாம்

சித்தப்பா: வீட்டுக்கு வந்துட்டேன், இப்பதான் பாக்குறேன். ரெண்டு நிமிஷம்

சித்தப்பா: பாப்பா 0:14ல ஸ்டாப் பண்ணிப் பாரு. பந்து உன் பக்கம் தரையில படுது. அப்ப உன் ராக்கெட் எங்க இருக்கு?

நான்: வயித்துக்கு முன்னாடி 🙈

சித்தப்பா: 0:31?

நான்: அங்கயும் அதேதான்

சித்தப்பா: 0:31ல இன்னும் ரெண்டு ஃப்ரேம் தள்ளு. அடி விழுற இடத்தப் பாரு. பந்து வலது இடுப்புக்கு நேரா வந்துடுச்சு. இடது காலுக்கு ஒரு அடி முன்னாடி இருக்க வேண்டிய பந்து. உன் கையிலயோ ராக்கெட்லயோ கோளாறு இல்ல, எல்லா பந்தும் லேட்டு

சித்தப்பா: லேட்டா பட்டா ராக்கெட் முகம் இன்னும் வலது பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும். அதான் அந்த 5. மீதி 9, லேட்டாயிடுச்சுன்னு உனக்கே தெரியுது, அவசரத்துல கைய மட்டும் நேரா இழுக்குற. ராக்கெட் பந்துக்குக் கீழ போகவே நேரம் இல்ல. கீழ போகாம மேல வர முடியாது, மேல வரலன்னா பந்து நெட்டத் தாண்டாது

அம்மா: அப்ப ராக்கெட் வேணாம்ல 😀

சித்தப்பா: வேணாம் அண்ணி

அம்மா: பாப்பா, கடைக்குப் போறப்ப தயிர் ஒரு பாக்கெட்

பெரியப்பா: லேட்டுன்னா ராக்கெட்ட பின்னாடி எடுக்குற பேக்ஸ்விங் பெருசா இருக்குன்னு அர்த்தம். ராமநாதன் கிருஷ்ணன் 1960லயும் 61லயும் விம்பிள்டன் செமிஃபைனல் ஆடுனாரு. கையில முரட்டு அடியா இருந்துச்சு? எல்லாம் டைமிங்கு. புள்ள ரமேஷும் அப்புடித்தான், சின்னதா எடுத்து சின்னதா அடிப்பாரு. 1989 ஆஸ்திரேலியன் ஓபன்ல நம்பர் ஒன்னா இருந்த விலாண்டரையே வீட்டுக்கு அனுப்புனாரு

சித்தப்பா: பேக்ஸ்விங் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு அண்ணா. கிரிப்ல மட்டும் ஒத்துக்க மாட்டேன். புல் தரையில பந்து முழங்கால் உயரத்துல வழுக்கிட்டு வரும், அதுக்கு அந்த கிரிப் ஓடும். நம்ம சிமெண்ட் கோர்ட்ல நெஞ்சு வரைக்கும் எழும்புது. சுத்தியல் பிடிக்குற மாதிரி பிடிச்சா அந்த உயரத்துல ராக்கெட் வானத்தப் பாக்கும், பந்து பின்னாடி வேலிக்குப் போயிடும்

பெரியப்பா: சரி அப்ப எந்த கிரிப்பு, அவளுக்கு தெளிவா சொல்லு

சித்தப்பா: பாப்பா, கைப்பிடில எட்டுப் பட்டை இருக்கு. ராக்கெட்டோட ஓரம் தரையப் பாக்குற மாதிரி முன்னாடி நீட்டிப் பிடி. மேல இருக்குற பட்டை 1. அங்கேருந்து வலது பக்கமா எண்ணிக்கிட்டு வா. ஆள்காட்டி விரல் உள்ளங்கையோட சேர்ற இடத்துல ஒரு முட்டி இருக்குல்ல, அது எந்தப் பட்டையில உக்காருதுன்னுதான் கணக்கு. 2ல உக்காந்தா காண்டினென்டல், பெரியப்பா சொல்றது. 3 ஈஸ்டர்ன். 4 செமி வெஸ்டர்ன்

நான்: நான் 4

சித்தப்பா: அப்படியே இருக்கட்டும். ஆனா இறுக்கிப் பிடிக்குற, வீடியோவுலயே முன்கை நரம்பு தெரியுது. கைக்குள்ள மல்லாட்டை இருக்குன்னு வச்சுக்க, ஓடு உடையக் கூடாது. பந்து படுற அந்த நேரத்துல கை தானா இறுகிக்கும், நீயா இறுக்காத

அத்தை: 🎤 வாய்ஸ் மெசேஜ் (1:12)

அம்மா: இங்க மாமியார் தூங்குறாங்க, வாய்ஸ் கேக்க முடியல. டைப் பண்ணு

அத்தை: சரி அண்ணி டைப் பண்றேன். கைக்கும் முன்னாடி அவ காலத்தான் பாக்கணும்னு சொன்னேன். எதிர்ல ஆள் அடிக்கசொல்ல இவ குதிகால ஊனிக்கிட்டு நிக்குறா. அங்கயே பாதி நேரம் போச்சு

அத்தை: ஸ்பிளிட் ஸ்டெப். எதிராளி ராக்கெட்ட பின்னாடியிருந்து முன்னாடி கொண்டாரப்ப நீ லேசா எழும்பணும். தரைய விட்டு ரெண்டு இஞ்ச் போதும், சாமி வந்த மாதிரி குதிக்காத. அவங்க பந்து மேல ராக்கெட் படுறதும் உன் முன்பாதம் தரையில படுறதும் ஒன்னா இருக்கணும். கால் ரெண்டும் தோளை விட அகலம், முட்டி மடிஞ்சிருக்கணும்

நான்: நான் குதிக்குறேனே அத்தை

அத்தை: குதிக்குற. பந்து நெட்டத் தாண்டுனப்புறம் குதிக்குற. அதுக்குக் குதிக்காமலே இருக்கலாம். நீ காத்துல இருக்குறப்ப பந்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போகுது, இறங்கி திரும்பவும் கிளம்புறதுக்குள்ள அது வந்துடுது

சித்தப்பா: அக்கா சொல்றது கரெக்ட். அந்தக் கடைசிக் கோடு, பேஸ்லைன்லேருந்து இந்தப் பேஸ்லைனுக்கு 78 அடி. நம்ம லெவல் ராலியில பந்து வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை செகண்ட். அதுல அரை செகண்ட் நின்னு வேடிக்கை பாத்தா மிச்சத்துல என்னத்த பண்றது

சித்தப்பா: அடுத்து திரும்புறது. ஃபோர்ஹேண்டுன்னு தெரிஞ்ச உடனே ராக்கெட்ட இழுக்காத. இடது கை ராக்கெட்டோட கழுத்துல இருக்கட்டும். ரெண்டு கையும் ராக்கெட்ல இருக்கும்போதே தோள் திரும்பணும். இடது தோள் நெட்டப் பாக்குற வரைக்கும் திரும்பிட்டு அப்புறம் இடது கைய விடு. விட்ட கை தொங்கக் கூடாது, பேஸ்லைனுக்கு இணையா நீட்டு

நான்: இடது கை எதுக்கு சித்தப்பா, சும்மாதான இருக்கு

சித்தப்பா: அந்தக் கை ராக்கெட்ல இருக்குற வரைக்கும் உடம்பு திரும்பாம ராக்கெட் பின்னாடி போகவே முடியாது, செஞ்சு பாரு. உடனே விட்டுட்டா வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னாடி போகும், பெரியப்பா சொன்ன பெரிய பேக்ஸ்விங் அதான். போன கை திரும்பி வர நேரமாகும்

சித்தப்பா: ஒரே சோதனை: பந்து உன் பக்கம் தரையில படுறப்ப ராக்கெட் ஏற்கனவே பின்னாடி இருக்கணும். மத்தது எதையும் இந்த வாரம் யோசிக்காத

பெரியப்பா: அப்புடியே அடிச்சு முடிச்சு ராக்கெட்ட இடது தோளுக்கு மேல கொண்டாரணும், பாதியில நிறுத்தக் கூடாதுன்னு சேத்து சொல்லு

சித்தப்பா: அது தானா வரும் அண்ணா. முன்னாடி பட்டா ஃபாலோ த்ரூ நிக்கவே நிக்காது. லேட்டானாதான் கை மடங்கி நிக்கும்

அண்ணன்: பாப்பா கைப்பிடி மேல சுத்துற ஓவர்கிரிப்ப மாத்துனியா? இந்தப் புழுக்கத்துல பத்து மணி நேர ஆட்டத்துக்கு மேல தாங்காது, வழுக்க ஆரம்பிச்சுடும். வழுக்குறதாலதான் இறுக்கிப் பிடிக்குறியோ என்னவோ

நான்: மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு 😬

அண்ணன்: அடப்பாவி. அடியிலேருந்து மேல சுத்து, ஒரு சுத்து மேல அடுத்த சுத்து கால் இஞ்ச் ஏறணும். பாலியஸ்டர் ஸ்ட்ரிங் கேக்காத, 15 வயசு முழங்கைக்கு அது ஆகாது. சிந்தெடிக் கட் ஸ்ட்ரிங்க 52 பவுண்டு இறுக்கத்துல போட்டுத் தரேன். வாரத்துக்கு எத்தன நாள் ஆடுறியோ வருஷத்துக்கு அத்தன தடவ மாத்துனா போதும்

*சனி, இரவு 8:15*

நான்: தயிர் வாங்கியாச்சு. சித்தப்பா, நாளைக்கு தனியாதான் போறேன், சேந்து ஆட ஆள் இல்ல. என்ன பண்ணட்டும்

சித்தப்பா: ஆள் இல்லாததே நல்லது. முதல்ல பந்தில்லாம 20 தடவ: எழும்பு, இறங்கு, ரெண்டு கையோட திரும்பு, அடி. மெதுவா. அப்புறம் கூடையில இருக்குற 50 பந்து. இடது கையால நீயே முன்னாடி போட்டு, ஒரு தடவ எழும்பி இடுப்பு உயரத்துக்கு வந்ததும் அடி. எங்க போடுறங்குறதுதான் முக்கியம். இடது கால் நுனிக்கு ஒரு அடி முன்னாடி, உடம்ப விட்டு ஒரு கை தூரம் தள்ளி. பக்கத்துல போட்டுட்டு முழங்கை மடங்கி அடிச்சா பழைய தப்பையே 50 தடவ பழகுவ

சித்தப்பா: எல்லாத்தையும் கிராஸே அடி. நெட் நடுவுல 3 அடி, கம்பத்துக்கிட்ட 3½ அடி. நேரா லைன்ல அடிச்சா உசரமான இடத்துல தாண்டணும், தூரமும் 78 அடிதான். மூலைக்கு மூலை அடிச்சா தாழ்வான இடம், 82 அடிக்கு மேல இடம் கிடைக்குது. நெட்டுக்கு மேல இன்னொரு நெட் உயரம் காலியா விட்டு அடி. நெட்ட உரசிட்டுப் போறது டிவியில பாக்கத்தான் அழகு

அத்தை: நம்ம காம்பவுண்ட் சுவத்துலயே அடிக்கலாமே. சாக்பீஸால 3 அடியில ஒரு கோடு, 6 அடியில ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல 30 தடவ விடாம. ஆனா சுவர்கிட்ட பந்து சீக்கிரம் திரும்பி வரும், 20 அடி தள்ளி நில்லு, மெதுவா அடி

அம்மா: சுவத்துக்கு அந்தப் பக்கம் பாட்டி வடகம் காய வைக்குறாங்க. சுவரெல்லாம் வேணாம், கோர்ட்டுக்கே போகட்டும்

அத்தை: 😂😂

நான்: சர்வ்? ரெண்டு சர்வும் தப்பாப் போற டபுள் ஃபால்ட் போன மேட்ச்ல 11

சித்தப்பா: அக்கா, சர்வ் நீதான்

அத்தை: வீடியோ கடைசியில ரெண்டு சர்வ் இருக்கு, பாத்தேன். நீ தாம்பாளம் ஏந்துற மாதிரி ராக்கெட்ட தலைக்கு மேல கொண்டு போற. முகம் வானத்தப் பாக்குது. அங்கேருந்து பந்த தள்ளத்தான் முடியும், அடிக்க முடியாது. ஃபோர்ஹேண்ட் கிரிப்லயே சர்வ் பண்றதால வர்ற வினை

பெரியப்பா: பாத்தியா! சர்வுக்கு சுத்தியல் புடிக்குற கிரிப்பு!

அத்தை: ஆமா பெரியண்ணா, இதுல நீங்க ஜெயிச்சீங்க 🙏 பட்டை 2. பந்த ராக்கெட் ஓரத்தால வெட்டப் போற மாதிரி மேல கொண்டு போகணும். கடைசி நேரத்துல முன்கை வெளிப்பக்கமா திரும்பி ஸ்ட்ரிங் பந்து மேல படும். முதல் ரெண்டு வாரம் பந்தெல்லாம் இடது பக்கமே போகும், ஃப்ரேம்ல படும். அதுக்குப் பயந்து பழைய கிரிப்புக்கு ஓடிடாத. முன்கை இன்னும் முழுசா திரும்பலன்னுதான் அதுக்கு அர்த்தம்

அத்தை: ஆனா 11 டபுள் ஃபால்ட்டுக்கு, சர்வுக்குப் பந்த மேல போடுற டாஸ்தான் காரணம். ஒன்னு தலைக்குப் பின்னாடி, ஒன்னு வலது பக்கம் ஒரு கஜம் தள்ளி. பந்த உள்ளங்கையில வைக்காத, விரல் நுனியில வை. கை முழங்கை மடங்காம மொத்தமா மேல போகணும், கண் உயரத்துல விரல் விரியணும். மணிக்கட்ட சுண்டுனா பந்து பின்னாடிதான் போகும்

அத்தை: வீட்லயே பழகலாம். இடது கால் நுனிக்கு ஒரு அடி முன்னாடி, கொஞ்சம் வலது தள்ளி ராக்கெட்ட தரையில வை. டாஸ் மட்டும் போடு, அடிக்காத, விழட்டும். பத்துல ஏழு ராக்கெட் மேல விழுற வரைக்கும் கோர்ட்ல முழு சர்வ் கிடையாது. உயரம், நீ நீட்டிப் பிடிச்ச ராக்கெட் நுனிக்கு ஒரு சாண் மேல

சித்தப்பா: மாடியில பண்ணு பாப்பா, ஹால்ல ஃபேன் இருக்கு

அம்மா: நல்லவேளை சொன்னீங்க

அத்தை: இன்னொன்னு, சாயங்காலம் கடல் காத்து. நம்ம கோர்ட் வடக்கு தெற்கா இருக்கு, காத்து கிழக்கேருந்து. வடக்கப் பாத்து சர்வ் பண்ணா டாஸ் இடது பக்கமா தலைக்கு மேல தள்ளும். தெற்கப் பாத்தா வலது பக்கம் ஓடும். காத்து அடிக்குற அன்னிக்கு டாஸ கொஞ்சம் தாழ்வா போடு. கெட்ட டாஸ அடிக்கணும்னு சட்டம் இல்ல, பிடிச்சுட்டு திரும்பப் போடு. ராக்கெட்ட வீசிட்டு பந்து படலன்னாதான் ஃபால்ட்

நான்: அது தெரியாமலேயே எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டு இருந்தேன் 🤦‍♀️

அண்ணன்: கூடையில இருக்குற பந்த ஒரு தடவ பாரு. தலை உயரத்துலேருந்து விட்டா இடுப்புக்கிட்ட எழும்பணும். முழங்காலோட நிக்குறத தனியா எடுத்து டாஸுக்கு மட்டும் வச்சுக்க

*ஞாயிறு, காலை 7:52*

நான்: 📹 வீடியோ (0:40)

நான்: 50ல 31 உள்ள. நெட் 8. வலது பக்கம் 2. மீதி பின்னாடி வெளிய

சித்தப்பா: பாத்தேன். இடது கை ராக்கெட்ல நிக்குது 👍 பின்னாடி போற 9, இடுப்ப வளைச்சு குனியுற, முட்டி மடங்கல. உடம்பு பின்னாடி சாயுது, ராக்கெட் முகம் திறக்குது. கால் முன்னாடி போறதே இல்ல. 0:22ல வலது கால் ஏன் வழுக்குச்சு?

நான்: பேஸ்லைன்ல ஒரே மணல் சித்தப்பா, ராத்திரி காத்துல வந்திருக்கு

சித்தப்பா: அதான் நம்பி கால ஊன மாட்டேங்குற. அடிக்குறத நிறுத்து. ஷெட்ல தொடப்பம் இருக்கும், ரெண்டு பேஸ்லைனையும் பெருக்கிட்டு இன்னொரு கூடை அடி. 9 மணிக்கு வந்து எதிர்ல நிக்குறேன்

பெரியப்பா: தொடப்பத்த புடிக்கசொல்ல பட்டை 2 😀