பழைய ஆங்கிலச் சொல்லை ஸ்லோவாக் மாணவர்களுக்குப் புரியவைத்த அனுபவம் – உங்களுடையதையும் சொல்லுங்கள்

பிராட்டிஸ்லாவாவிலிருந்து:

பழைய நாவல்களை ஆங்கிலத்திலேயே வாசிக்க ஆசைப்பட்டு ஒரு பெண்மணி என்னிடம் படிக்க வந்தார். முதல் வாரமே 'எந்த இடத்துக்கு' என்று கேட்கும் 'விதர்' என்ற பழைய சொல்லில் நின்றோம். இன்றைய ஆங்கிலத்தில் எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய் இரண்டுக்கும் 'வேர்' ஒன்றுதான். நமக்கும் 'எங்கே' போதும். ஸ்லோவாக்கில் அப்படியில்லை. இருக்கும் இடத்தைக் கேட்டால் 'க்தே', போகும் இடத்தைக் கேட்டால் 'கம்', புறப்பட்ட இடத்தைக் கேட்டால் 'ஒட்கியாள்'. "விதர் என்றால் கம், வென்ஸ் என்றால் ஒட்கியாள்" என்றேன். இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முகம் வாடி வந்தார். பார்சலை எங்கே அனுப்புவது என்று வெளிநாட்டுக் கிளைக்கு எழுதிய மின்னஞ்சலில் 'விதர்' போட்டிருக்கிறார். அங்கே சிரித்துவிட்டார்களாம். எனக்கு மனசே ஆறவில்லை. சொல்லின் பொருளைச் சொன்னேன், வயதைச் சொல்லவில்லை. 'கம்' அவர் பேருந்தில், கடையில் தினமும் புழங்கும் சொல். 'விதர்' எப்போதோ பேச்சிலிருந்து விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து பழைய சொல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லோவாக் சொல் தேடுகிறேன், பொருளுக்கு ஒன்று, அதன் பழமை வாடைக்கு ஒன்று. 'ஒருவேளை' என்ற பொருளில் 'பெர்ச்சான்ஸ்' வந்தால் பொருளுக்கு 'மோஜ்னோ', ஏட்டு வாடைக்கு 'அஸ்தா'. 'விதர்' வாடைக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. யாருக்காவது தெரியுமா?

கோஷிட்சேயிலிருந்து:

என் அனுபவம் 'தவ்' பற்றியது. ஜெபத்தில் கேட்டுப் பழகியதால் அது மரியாதைச் சொல் என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது 'நீ', அவர்களுடைய 'தி'. 'யூ'தான் ஒரு காலத்தில் 'நீங்கள்', அவர்களுடைய 'வி'. கிராமத்துப் பையன் ஒருவன், "எங்க அப்பா பாட்டியை 'வி' போட்டுத்தான் கூப்பிடுவார்" என்றான். பிறகு ஒரு பழைய நாடகத்தில் அப்பா மகனைத் 'தவ்' என்பதையும் மகன் அப்பாவை 'யூ' என்பதையும் அவனே காட்டிக்கொடுத்தான். நான் வாயே திறக்கவில்லை.

மார்ட்டினிலிருந்து:

பிராட்டிஸ்லாவா அக்கா, நீங்கள் 'விதர்' வாடைக்குத் தேடும் சொல் இருக்கிறது: 'கம்ஷ்'. கிராலிட்சே வேதாகமம் என்ற பழைய செக் மொழிபெயர்ப்பில் வரும் சொல். இங்குள்ள லூத்தரன் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அந்தச் செக் மொழியில்தான் வழிபட்டார்கள். 1636இல் லெவோச்சா நகரில் அச்சான அந்தச் செக் பாடல் புத்தகத்தை விட்டு ஸ்லோவாக் பாடல் புத்தகத்துக்கு மாறியதே 1992இல்தான். அதனால் அறுபது வயதுக்காரரிடம் "விதர் என்றால் கம்ஷ்" என்றால் பொருளும் வாடையும் சேர்ந்தே போய்ச் சேர்கிறது. யாரும் மின்னஞ்சலில் எழுத மாட்டார்கள்!

சின்னப் பிள்ளைகளிடம் இது எடுபடாது. இன்னொன்று, அதே வேதாகமத்தில் 'அய்' வந்தால் 'பிஹோல்ட்', 'இதோ' என்று பொருள். இன்றைய ஸ்லோவாக்கில் 'அய்' என்றால் 'கூட'. அந்த இடத்தில் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.